மஞ்சள் கரிசலாங்கண்ணியா, அதன் சாயலா? சென்னையின் மஞ்சள் டெய்சிகளைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன், ‘மஞ்சள் கரிசலாங்கண்ணி’ என்று சீட்டு எழுதிச் செருகியிருந்த ஒரு தொட்டியை நர்சரி ஒன்றில் வாங்கி வந்து, மந்தைவெளியில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்தேன். வாங்கும்போது இலைகள் நீளவாக்கில் இருந்தன. பூ நல்ல மஞ்சள் நிறம். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஐப்பசி மழையில் கொடி தொட்டியை விட்டு இறங்கித் தரையில் ஓடத் தொடங்கிய பிறகுதான், புதிய துளிரின் இலைகள் இரு பக்கமும் தோள் விரித்தாற்போல் மும்மடலாகப் பிரிந்திருப்பதைக் கவனித்தேன். அதற்குள் இரண்டு முறை பொரியல் செய்து சாப்பிட்டாகிவிட்டது. நாங்கள் சாப்பிட்டது பொற்றலைக் கையாந்தகரை என்று சித்த மருத்துவம் சொல்லும் கீரை அல்ல. அடுக்குமாடி வளாகங்களிலும் சாலை நடுத்திட்டுகளிலும் தரையை மூடுவதற்காக நடப்படும் அமெரிக்கக் கொடி. வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த முறை நான் செய்த தவறு, பூவின் முகத்தைப் பார்த்து முடிவுக்கு வந்ததுதான். சென்னையில் தானாக முளைக்கும் மஞ்சள் டெய்சிகள் பலவற்றுக்கும் மேலிருந்து பார்த்தால் ஒரே முகம். வேறுபாடெல்லாம் பூவின் அடியிலும், காம்பிலும், இலையிலும், விதையிலும் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி பூவைத் திருப்பிப் பார்ப்பதிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஓர் இனத்தைக் கழித்துக்கொண்டே போய், கடைசியில் உண்மையாகவே குழப்பும் இரண்டு நெருங்கிய உறவினங்களிடம் வந்து நிற்கும்.

முதற்படி: நேரமும் கருவியும்

காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் போவது நல்லது. கடற்கரை இனம் ஒன்று வெயில் ஏறியதும் பூவை மூடிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். சென்னை வெயில் இன்னொரு காரணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் தரிசுகள் பச்சையாக இருக்கும்போது ஏறக்குறைய எல்லா இனங்களையும் பூவோடும் விதையோடும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பத்து மடங்கு லூப் ஒன்று, பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல், ஒரு வெள்ளைத் தாள், செல்போன் ஆகியவை போதும். லூப்பைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு பூவை அதன் அருகே கொண்டுவர வேண்டுமே தவிர, பூவின் மேல் லூப்பை வைத்துவிட்டுத் தலையைத் தூரத்தில் நிறுத்தக் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

இரண்டாம் படி: அது டெய்சிதானா என்று பாருங்கள்

மஞ்சளாக இருப்பதெல்லாம் டெய்சி அல்ல. நெருஞ்சிக்கும் துத்திக்கும் மஞ்சள் பூதான். ஆனால் அவற்றில் ஐந்து இதழ்களும் நடுவில் மகரந்தத் தாள்களும் கொண்ட ஒரே ஒரு பூ இருக்கிறது. டெய்சியில் நாம் ‘பூ’ என்று சொல்வது ஒரு பூவே அல்ல. பல சிறுமலர்கள் ஒரு தட்டில் நெருங்கி அமர்ந்த மஞ்சரி. சூரியகாந்திக் குடும்பமான ஆஸ்டரேசியின் அடையாளமே இதுதான். அந்தக் குடும்பத்தில் 25,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதால், இந்த அடையாளம் உங்களை வாசல் வரைதான் கொண்டுபோய் விடும்.

இதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பூவைப் பறித்து, கட்டைவிரல் நகத்தால் காம்பின் உச்சியிலிருந்து மேல்நோக்கி இரண்டாகப் பிளந்து, வெள்ளைத் தாளின் மேல் வையுங்கள். வெட்டிய முகத்தில், விளிம்பில் நாக்கு போன்ற தட்டை மலர்களும் நடுவில் குழாய் போன்ற நுண் மலர்களும் வரிசையாக நிற்பது தெரியும். முன்னவை கதிர் சிறுமலர்கள், பின்னவை வட்டச் சிறுமலர்கள். நடுக்குழாய்களில் ஒன்றைக் குண்டூசி முனையால் தனியே எடுத்து லூப்பில் பார்த்தால், அதன் வாய் ஐந்து பற்களாகப் பிரிந்திருப்பதும், உள்ளிருந்து சூலகத் தண்டு இரு கொம்பாகப் பிளந்து எட்டிப் பார்ப்பதும் தெரியும். குழாய்களுக்கு இடையே நெல் உமி போன்ற மெல்லிய செதில்கள் இருந்தால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். சூரியகாந்திக்கு நெருங்கிய உறவுகளில் அந்த உமி உண்டு, மற்றப் பல கிளைகளில் கிடையாது.

மூன்றாம் படி: பால் வருகிறதா?

தண்டைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் கசிந்து, பிளந்த பூவில் நடுக்குழாய்களே இல்லாமல் எல்லாச் சிறுமலரும் நாக்கு வடிவில் இருந்தால், அது இந்த வழிகாட்டியின் முக்கியக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. திருவான்மியூர் முதல் கோவளம் வரையிலான மணற்பரப்பில், அடப்பங்கொடிக்கும் இராவணன் மீசைக்கும் நடுவே அப்படி ஒரு செடியைப் பார்த்தால், அது பெரும்பாலும் எழுத்தாணிப் பூண்டு, அதாவது லானியா சார்மென்டோசா. நூல் போன்ற ஓடுதண்டு மணலில் வளைந்து போய், கணுவுக்குக் கணு வேர்விட்டு, அங்கங்கே ஒரு கொத்து இலையை வைத்துவிட்டு மேலே செல்லும். ஒவ்வொரு நாக்கின் நுனியிலும் ஐந்து நுண் பற்கள் இருக்கும். சென்னையின் மஞ்சள் டெய்சிகளில் இந்த மண்ணுக்கே உரியவை சிலவே. அவற்றில் இதுவும் ஒன்று.

நான்காம் படி: காம்பைப் பாருங்கள்

பாலில்லாத செடிகளை இனிக் காம்பை வைத்துப் பிரிக்கலாம். பூ நீண்ட காம்பின் உச்சியில் தனியே நிற்கிறதா, அல்லது இலைக்கும் தண்டுக்கும் இடையிலான கக்கத்தில் காம்பே இல்லாததுபோல் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கக்கத்தில் ஒட்டிக்கொண்டு, சிறுத்து, இரண்டு மூன்றாகச் சேர்ந்திருந்தால் அது சினெட்ரெல்லா நோடிஃபுளோரா. மதில் நிழலிலும், ஏசி தண்ணீர் சொட்டும் இடத்திலும், பூந்தொட்டிகளின் இடுக்கிலும் நிமிர்ந்து வளரும் இந்தச் செடியை யாரும் பூச்செடி என்று மதிப்பதில்லை. எதிரெதிராக அமைந்த இலைகளில் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் தெளிவாகக் கிளம்பும். இதன் விதைகளை மட்டும் கண்டிப்பாக லூப்பில் பாருங்கள்: ஒரே பூவுக்குள் இரண்டு வகை இருக்கும். விளிம்பு மலர்களின் விதை தட்டையாக, ஓரத்தில் கிழிந்த காகிதம்போல் பல்பல்லான சிறகோடு இருக்கும்; நடு மலர்களின் விதை ஒல்லியாக, தலையில் இரண்டு விறைப்பான முட்களோடு இருக்கும். ஒரு தாய் வயிற்றில் இரண்டு சாயல். இதைப் பார்த்துவிட்டால் இனப்பெயரில் பிறகு ஐயம் எழாது.

ஐந்தாம் படி: தாத்தாப் பூவைக் கழியுங்கள்

நீண்ட காம்புள்ளவற்றில் நகரெங்கும் நீங்கள் முதலில் காணப்போவது ட்ரைடாக்ஸ் புரோகும்பென்ஸ். கிணற்றடிப் பூண்டு, வெட்டுக்காயப் பூண்டு, மூக்குத்திப் பூ என்று இதற்குப் பல பெயர்கள். காம்பில் மடக்கித் தலையைச் சுண்டிவிட்டு விளையாடிய பிள்ளைகளுக்கு இது தாத்தாப் பூ. மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் பெயர் சூட்டினார். இன்று ரயில் பாதை ஓரம், மெட்ரோ தூணடி, பள்ளி மைதானம் என்று இது இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இதை மஞ்சள் டெய்சி என்று சொல்வது பாதி உண்மை. நடுவட்டம் மஞ்சள், சுற்றியுள்ள கதிர்கள் மூன்று முதல் ஆறு வரை, பெரும்பாலும் ஐந்து, வெளிறிய மோர் நிறத்தில் அல்லது இளமஞ்சளில் அகலமாக இருந்து, நுனியில் மூன்றாகப் பிளந்திருக்கும். காம்பு ஒரு ஸ்கேல் நீளத்தையும் தாண்டி, மயிரடர்ந்து, தரையோடு கிடக்கும் செடியிலிருந்து தனியே நிமிர்ந்து நிற்கும். முற்றிய பூவை ஊதினால் ஒவ்வொரு விதையும் இறகு போன்ற மயிர்க்குடையோடு பறக்கும். இங்கே நாம் பார்க்கும் மற்றக் காம்பு நீண்ட, பாலில்லாத மஞ்சள் டெய்சிகளுக்கு இந்தக் குடை கிடையாது. பறந்தால் தாத்தா, கதை அங்கே முடிந்தது.

ஆறாம் படி: இரண்டு கரிசலாங்கண்ணிகள்

இனி எஞ்சுவது, கதிரும் வட்டமும் ஒரே பொன்மஞ்சளில் இருக்கும், தரையில் படர்ந்து கணுக்களில் வேர்விடும், எதிரெதிர் இலைகள் கொண்ட, நீண்ட காம்பில் ஒற்றைப் பூ வைக்கும் செடி. இதில் இரண்டு இனங்கள் உண்டு. இரண்டும் ஒரே பேரினம். ஒன்று நம் வயல் வரப்புகளையும் ஏரிக்கரைகளையும் சேர்ந்த மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. மற்றது வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்பாக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா. நர்சரிகளில் ‘வெடிலியா’ என்று கேட்டால் இதைத்தான் தருவார்கள்.

பெயரே ஒரு குழப்பம் என்பதால் அதை முதலில் தீர்த்துவிடலாம். இரண்டும் நெடுங்காலம் வெடிலியா என்னும் பேரினத்தில் இருந்தன. ஜெர்மானிய மருத்துவரும் தாவரவியலாளருமான கேயார்க் வொல்ஃப்காங் வெடலின் (1645–1721) நினைவாக வந்த பெயர் அது. 1996-இல் தாவரவியலாளர் புருஸ்கி இரண்டையும் ஸ்பாக்னெட்டிகோலாவுக்கு மாற்றினார். சூரண டப்பாவில் வெடிலியா கேலண்டுலேசியா என்றோ வெடிலியா சைனென்சிஸ் என்றோ எழுதியிருந்தால், இரண்டுமே நம் கீரையின் பழைய பெயர்கள்தாம். ஆனால் ‘வெடிலியா’ என்று மட்டும் சொல்லி ஒருவர் செடியைக் கையில் கொடுத்தால், அது எது என்று அந்தச் சொல்லிலிருந்து தெரியாது. நான் ஏமாந்ததும் அந்த இடைவெளியில்தான் என்று நினைக்கிறேன்.

பூவின் அளவை வைத்தோ கதிர்களின் எண்ணிக்கையை வைத்தோ இவற்றைப் பிரிக்க முயலாதீர்கள். இரண்டிலும் எட்டு, பத்து என்றே கதிர்கள் வரும். கதிர் நுனியில் பற்கள் இரண்டிலும் உண்டு. நானும் தாளில் கட்டம் போட்டு, இரண்டு வாரம் கதிர் எண்ணி வீணடித்திருக்கிறேன். பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு.

முதலாவது இலை. ஆனால் ஓர் இலை போதாது. ஒரே செடியின் வெவ்வேறு கிளைகளிலிருந்து பத்து இலைகளையாவது பார்க்க வேண்டும். ட்ரைலோபேட்டாவின் பெயருக்கே மும்மடல் என்பதுதான் பொருள். நடு மடலுக்கு இரு பக்கமும் கூரான இரண்டு சிறு மடல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சிக்கல் என்னவென்றால், இளம் செடியிலும் நெருக்கமாக வளர்ந்த கிளைகளிலும் அந்த மடல்கள் பல இலைகளில் தோன்றாமலே போகும். நர்சரித் தொட்டியில் நான் பார்த்தது அப்படிப்பட்ட இலைகளைத்தான். பத்தில் இரண்டு இலை மும்மடலாக இருந்தாலும் அது கேலண்டுலேசியா அல்ல. கேலண்டுலேசியாவின் இலை எப்போதும் ஒற்றை மடல். ஓரம் வழவழவென்று இருக்கும், அல்லது ஒன்றிரண்டு சோடி சிறு பற்கள் தள்ளித் தள்ளி இருக்கும். அதன் நீளம் இரண்டு முதல் ஏழு சென்டிமீட்டர் வரை. அகலம் அதில் மூன்றில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் குறைவு. ட்ரைலோபேட்டா இலை அகன்றது. அகலம் நீளத்தில் பாதியை எட்டும்.

அளவு சொல்லாததை விரல் சொல்லும். கேலண்டுலேசியா இலையை இரு விரல்களுக்கிடையே வைத்து நுனியிலிருந்து காம்பை நோக்கித் தேய்த்தால், பழைய உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இலையோடு படிந்து கிடக்கும் விறைப்பான மயிர்கள் விரலை எதிர்ப்பதால் வரும் உணர்வு அது. ட்ரைலோபேட்டா இலையில் சதைப்பற்றும் பளபளப்பும் கூடுதல். கழுவித் துடைத்து வைத்ததுபோல் கரும்பச்சையாக மின்னும். வளாகத் தோட்டங்களுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அந்த மினுமினுப்பும் ஒரு காரணம்.

இரண்டாவது, என் கணிப்பில் இலையைவிட நம்பத்தக்கது, பூவின் அடிப்பாகம். பூவைக் கவிழ்த்துப் பிடித்து, கதிர்களைத் தாங்கி நிற்கும் பச்சைக் கிண்ணத்தைப் பாருங்கள். பூவடிச் செதில்கள் சேர்ந்து அமைத்த கிண்ணம் அது. கேலண்டுலேசியாவில் வெளிச்சுற்றுச் செதில்கள் சின்னஞ்சிறு இலைகள் போலவே இருக்கும்: அகலமாக, நீள்சதுரமாக, நுனி மழுங்கி, ஒரு சென்டிமீட்டர் அளவில், எண்ணினால் பெரும்பாலும் ஐந்து. ட்ரைலோபேட்டாவில் அவை ஈட்டி முனைபோல் ஒடுங்கிக் கூராக முடியும், எண்ணிக்கையும் கூடுதல். மேலிருந்து பார்த்தபோது இரட்டைப் பிள்ளைகளாகத் தெரிந்த இரண்டு பூக்களையும் பக்கத்தில் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால், மழுங்கிய ஐந்து இலையும் கூரான பல முனையும் லூப் இல்லாமலே தெரியும்.

விதையை இந்த இணையில் நம்ப வேண்டாம். ட்ரைலோபேட்டா போய்ச் சேர்ந்த இடங்களில் பெரும்பாலும் தண்டுத் துண்டுகளாலேயே பரவுகிறது. முளைக்கும் விதை வைப்பது அரிது. ஆகையால் விதை கிடைக்கவில்லை என்பதைக்கூட ஒரு குறிப்பாகத்தான் கொள்ள முடியும், சான்றாக அல்ல.

வளரிடமும் குறிப்புத்தான். ஈரமான வரப்பு, குளக்கரை, கீரைப்பாத்தி என்றால் கேலண்டுலேசியா இருக்க வாய்ப்பு அதிகம். சாலை நடுத்திட்டிலும், வளாகச் சரிவிலும், அங்கிருந்து மழைநீர் வடிகாலுக்குள் இறங்கி முழங்கால் உயரம் வரை மெத்தையாகப் படர்ந்தும் இருந்தால் ட்ரைலோபேட்டா. உலகின் மிக மோசமான நூறு அயல் ஊடுருவல் இனங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் இந்தச் செடியும் இருக்கிறது. ஒரு மீட்டர் கொடியில் எத்தனை கணுவோ அத்தனை புதுச்செடி என்பதுதான் அதன் கணக்கு.

ஏழாம் படி: வெள்ளைக் கரிசலாங்கண்ணியோடு ஒப்பிடுவது

பெயரால் வரும் இன்னொரு குழப்பம் இது. வெறும் ‘கரிசலாங்கண்ணி’ என்றால் பெரும்பாலும் வெள்ளைப் பூ வைக்கும் எக்லிப்டா புரோஸ்ட்ரேட்டாவைக் குறிக்கும். கரிசாலை, கையாந்தகரை என்று வள்ளலார் வழியில் வருபவர்கள் போற்றும் கீரை. அது வேறு பேரினம். பூ இல்லாத கட்டாகக் கிடைத்தால், இலையை உள்ளங்கையில் கசக்கிச் சிறிது நேரம் விடுங்கள். எக்லிப்டாவின் சாறு கறுத்துவிடும். மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு இவ்வளவு எளிதான சோதனை இல்லை.

மயிலாப்பூர் மாட வீதியில் கீரை விற்கும் அம்மா ஒருவரிடம், கட்டைப் பிரித்து இலைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பூவே இருக்கு பாரு கண்ணு, மஞ்சா கரிசலாங்கண்ணி இல்லாம வேற என்னா?” என்றார். அவர் விற்றது சரியான கீரைதான், சொன்ன காரணம்தான் தவறு. மழுங்கிய ஐந்து செதில்களைக் காட்டியதும், கையிலிருந்த இன்னும் நான்கு கட்டுகளை அவரே கவிழ்த்துப் பார்த்தார்.

எட்டாம் படி: படமும் குறிப்பும்

படம் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளிலும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களிலும் இந்த இனங்கள் தவறாகப் பெயரிடப்படுவதற்குக் காரணம், நாம் எடுக்கும் படம்தான். எல்லோரும் பூவின் முகத்தை மேலிருந்து எடுக்கிறோம். பிரித்தறிய உதவாத ஒரே கோணம் அது. ஒவ்வொரு செடிக்கும் பூவின் பக்கவாட்டுத் தோற்றம், கவிழ்த்த பூவின் பச்சைக் கிண்ணம், ஸ்கேலோடு சேர்ந்த முதிர்ந்த இலையின் மேற்புறமும் அடிப்புறமும், கணுவும் வேரும், பிறகு செடி நிற்கும் இடம் ஆகியவற்றைப் படமெடுங்கள். முகத்தை வேண்டுமானால் அழகுக்காகக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம். இலை சொரசொரத்ததா, பால் வந்ததா, விதை பறந்ததா என்பவை படத்தில் விழாதவை. நாளோடும் இடத்தோடும் அங்கேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்டால் எந்தப் படம் எந்தச் செடி என்பதே மறந்துபோகும்.

கீரைக்காகத் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சரியான இனமே ஆனாலும் கூவம், அடையாறு கரைகளிலும் சாக்கடை ஓரத்திலும் நிற்பதைப் பறிக்காதீர்கள். ட்ரைலோபேட்டாவைக் கீரையாக உண்ணும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஐயம் இருந்தால் அந்தக் கட்டு சட்டிக்குப் போக வேண்டாம். இரண்டையும் அருகருகே வளர்க்காமல் இருப்பதும் நல்லது: தென்சீனத்தில் இவ்விரண்டும் இயற்கையில் கலந்து பிறந்த கலப்பினமே பதிவாகியிருக்கிறது, அப்படி ஒன்று தொட்டியில் முளைத்தால் மேலே சொன்ன எந்தப் படியும் உதவாது.

வீட்டிலிருப்பது ட்ரைலோபேட்டா என்று தெரிந்து பிடுங்கினால், கொடியைக் குப்பைமேட்டிலோ காலி மனையிலோ வடிகாலிலோ எறியாதீர்கள். விழுந்த இடத்தில் கணு மண்ணைத் தொட்டாலே போதும், பிழைத்துக்கொள்ளும். நான் என் தொட்டிக் கொடியை மொட்டை மாடியின் சிமெண்ட் தரையில், மண் படாமல் பரப்பிப் பங்குனி வெயிலில் போட்டேன். பத்து நாள் கழித்து எடுத்தபோது இலைகள் நொறுங்கின; ஆனால் தடித்த தண்டு ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தபோது உள்ளே இன்னும் பச்சை இருந்தது. அதை மட்டும் இன்னொரு வாரம் காயவிட்டேன்.